பின் டயர்களின் ஜோடி

நாளையிலிருந்து செம்பூர் ஒர்க்‌ஷாப்பின் முன் கவுண்டரில் உங்களில் ஒருவர் உட்காரப்போகிறீர்கள். நான் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலைக்குப் போகிறேன். போவதற்கு முன் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிவைக்கும்படி மேனேஜர் சொன்னார். ஸ்கேனரை எங்கே சொருகுவது, எந்த விளக்கு எரிந்தால் எதைப் பார்ப்பது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் தானாகக் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான். அப்பா தாராவியில் சுமை இறக்குகிறவர். டிப்ளமோ வாங்கிக்கொண்டு இங்கே சேர்ந்தபோது, இயந்திரத்தைப் படித்தவனுக்கு இயந்திரத்தோடுதான் வேலை இருக்கும் என்று நினைத்திருந்தேன். கவுண்டருக்கு வந்த பிறகுதான் வேலை வாயோடு என்று தெரிந்தது. அதிலும் பாதி, வாயைத் திறக்காமல் இருப்பது.

இந்த ஊரில் வண்டியை வைத்திருப்பவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர். ஒரு வண்டியோடு இரண்டு வாய் வரும். என்ன கோளாறு என்று டிரைவர் சொல்வார். யார் குற்றம் என்று ஓனர் சொல்வார். இரண்டையும் ஒரே பேப்பரில் எழுதிவிடக் கூடாது. எனக்கு முன்பு கவுண்டரில் இருந்தவர் ஒருநாள், ஆண்டாப் ஹில்லிலிருந்து பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்த டாக்ஸிக்காரர்களிடம் சாதாரணமாக, "கடைசியா யாரு ஓட்டினது?" என்று கேட்டார். ஒரே வண்டியை முறை வைத்து ஓட்டும் மாமனும் மச்சானும் அவர்கள். சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கில் சிக்கியிருந்த சின்னக் கல்லை எடுத்து வீசுவதற்குள் ஒருவர் சட்டைக் காலரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கல் போய்விட்டது. சண்டை அவர்களோடு வீட்டுக்குப் போனது. அதைப் பார்த்ததிலிருந்து 'யார்' என்று நான் கேட்பதில்லை. 'என்ன' என்றுதான் கேட்பேன். ஆனால் 'என்ன' என்று மட்டும் கேட்டால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அதற்குத்தான் இந்தக் கதை.

மாதுங்காவிலிருந்து ஒரு வண்டி வந்தது. ஆல் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுப்பு போகும் வகை. இரண்டாம் கையாக வாங்கியது, ஆனால் நன்றாகப் பராமரித்த வண்டி. பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாவும் அவர் கணவரும் இறங்கினார்கள். அவர் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை எல்லாம் மனைவியிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை சார் என்றும் அந்த அம்மாவை மாமி என்றும் இங்கே சொல்கிறேன். வண்டியை ஓட்டி வந்தவர் இசக்கி. எங்கள் தாராவிக்காரர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு முகப் பழக்கம் உண்டு. அன்று அவர் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மாமி முடிவோடுதான் வந்திருந்தார்.

"கோவில்லேர்ந்து வரச்சே எங்க சந்துல திரும்பறப்போ வண்டி உதறித்து பாருங்கோ, நான் முன் சீட்டைப் பிடிச்சுண்டுட்டேன். கருகின வாசனை வேற. மாதுங்காலயே ஒரு ஒர்க்‌ஷாப்புல காமிச்சோம். டிரைவர் தாறுமாறா ஓட்டி உள்ளே பார்ட்டைக் கெடுத்துட்டான்னு வாயால சொல்றா, எழுதித் தர மாட்டேங்கறா. நீங்க பாத்து எழுதிக் குடுங்கோ. இன்னியோட இவன் கணக்கை முடிச்சுடலாம்."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்கோன்னா. இன்னொண்ணும் இருக்கு," என்று என் பக்கம் குனிந்தார் மாமி. "இவர் போறது தாதர் வரைக்கும். ஃப்ரெண்ட்ஸைப் பாக்க, கறிகாய் வாங்க. ஆனா கிலோமீட்டர் பாத்தா பூனா போயிட்டு வந்தாப்பல ஏறறது. வண்டியைத் தனக்குன்னு எங்கேயோ ஓட்றான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறான்."

இசக்கி வாசலருகே, கேட்காத தூரத்தில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது.

கவனியுங்கள், இது உங்களுக்கும் வரும். அந்த அம்மா கேட்டது ரிப்பேர் அல்ல. ஒரு மனிதரை அனுப்புவதற்கு என் கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு வெளியே போகும் டிரைவரை மாதுங்காவில் இன்னொரு வீட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல டிரைவரா என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்கிற இடம் அது.

"வண்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்மா," என்றேன்.

எங்கள் ஹெட் மெக்கானிக் காஜா பாய் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து யார்டில் மெதுவாக ஒரு வட்டம் அடித்தார். வண்டி குப்குப்பென்று உதறியது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல. காஜா பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அரே தம்பி, இது வண்டி இல்லை, மாமியார் மருமகள். முன்னால ஒண்ணு போகுது, பின்னால ஒண்ணு மாட்டேங்குது."

இறங்கி டயர்களைப் பார்த்தோம். முன்னால் இரண்டும் தேய்ந்தவை. பின்னால் இரண்டும் பாதிகூடத் தேயாதவை. அதுமட்டும் என்றால்கூடப் போகட்டும். டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் எண்ணும் கடைசி எண்ணும் நான்கிலும் ஒன்றாகவே இருந்தன. நடு எண் மட்டும் முன்னால் அறுபது, பின்னால் அறுபத்தைந்து. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ரிம்மில் கச்சிதமாக உட்காரும். டேப் வைத்துச் சுற்றளவைப் பார்த்தபோது பின் டயர் முன் டயரைவிடத் தெளிவாகப் பெரியது.

சாதாரண வண்டியில் முன் ஜோடி ஓர் அளவும் பின் ஜோடி ஓர் அளவும் இருந்தால் பெரும்பாலும் ஓட்டிக்கொண்டே போகலாம். இந்த வண்டியில் முடியாது. தாராவி வீடுகளின் இரும்பு ஏணியில் நான்கு பேர் பீரோ இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் இருவர் ஓர் அடி நீளமாக வைத்து, கீழே இருக்கும் இருவர் அடி குறைவாக வைத்தால் யாருக்கும் எதுவும் ஆகாது, பீரோவின் மூட்டுதான் விட்டுக்கொள்ளும். நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று இணைந்த வண்டியில் அந்த மூட்டு நடுவில் இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே தூரத்துக்கு வெவ்வேறு சுற்று சுற்றினால் வித்தியாசத்தை அதுதான் தாங்க வேண்டும். தாங்கித் தாங்கிச் சூடேறும், கருகும், திருப்பத்தில் உதறும். மாமி முகர்ந்த வாசனை அது. அந்த மூட்டின் எண்ணெய் கறுத்திருந்தது. உள்ளே இன்னும் பெரிதாகக் கெடவில்லை.

கதவுத் தூணில் கம்பெனி ஒட்டிய அளவைப் பார்த்தேன். அறுபத்தைந்து. அதாவது புதிதாக வந்த பின் டயர்கள்தான் சரி. பழைய முதலாளி தன் ஆசைக்கு நான்கிலும் அறுபது போட்டு ஓட்டியிருக்கிறார். நான்கும் ஒன்றாக இருந்தவரை வண்டி வாயைத் திறக்கவில்லை. சரியான இரண்டு வந்து சேர்ந்த பிறகுதான் தகராறு.

நான் எழுந்தபோது பின்னால் இசக்கி நின்றிருந்தார்.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே. டயர்ல விஷயம். உங்க ஓட்டம் இல்ல."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"டயரைப் பத்திப் பேச வேண்டாம் தம்பி. நான்தான் கெடுத்தேன்னு அந்தம்மா கேக்கமாரியே எழுதிக் குடுத்திருங்க."

"என்னண்ணே பேசுதீங்க? வேலை போயிருமே."

"போவட்டும். வேற எடம் பாத்துக்கிடுதேன்."

"மாதுங்கால கெடைக்காது."

"தெரியும்லே," என்றார். எரிச்சலில் மரியாதை போய்விட்டது. உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "நம்மூர்ப் பிள்ளைன்னு கேக்கேன். டயரு எங்கேருந்து வந்துன்னு பேச்சு எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"வண்டி சொல்லாததை நான் எழுத முடியாதுண்ணே."

"படிச்சவன்ட்ட வந்து கேட்டேன் பாரு," என்று சொல்லிவிட்டு வாசலுக்கே போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட ஆளே குற்றத்தை எழுது என்றால், கவுண்டரில் இருப்பவனுக்கு வேலை சுலபமாகிவிட்டதுபோல் தோன்றும். எல்லாருக்கும் சம்மதம், பேப்பர் தயார். எல்லாருக்கும் சம்மதமான பொய் வந்தால் அதை மட்டும் உடனே எழுதாதீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

நான் தள்ளிப் போட்டேன். சாரிடம் போய், "சார், நீங்க ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஓட்டியிருக்கேன். இப்போ டிராஃபிக்கைப் பாத்தா பயம்."

"ரோடு வேண்டாம். இங்க யார்டுலயே ஒரு வட்டம்."

மாமி கஸ்டமர் அறையிலேயே இருந்தார். சார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழு ஒடிப்பில் மெதுவாகத் திருப்பச் சொன்னேன். வண்டி உதறியது. அவர் பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டார். காஜா பாய் பானெட்டைத் திறந்து ஒரு ஃபியூஸை உருவினார். அந்த மாடலில் அதை எடுத்தால் பின் சக்கரங்களோடு இருக்கும் இணைப்பு விட்டுவிடும். சோதனைக்காக யார்டில் மட்டும் செய்வது. "இப்போ அதே மாதிரி திருப்புங்க சார்," என்றேன். வண்டி சத்தமே இல்லாமல் வட்டமடித்து நின்றது.

"ரெண்டு தடவையும் ஓட்டினது நீங்கதான் சார். கையும் காலும் ஒண்ணுதான்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அப்போ இசக்கி மேல தப்பில்லை."

"இல்லை சார். டயர் அளவு ஒத்துப்போகலை."

"அதை என் ஒய்ஃப்கிட்ட சொல்லிடுங்கோ," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "டயர் எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் கேக்காதீங்கோ," என்றார்.

இரண்டு பேர், ஒரே வேண்டுகோள். நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் அல்ல.

மாமியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஓட்டுவதில் குறையில்லை, முன்னாலும் பின்னாலும் டயர் அளவு வேறு, அதனால்தான் உதறல், வாசனை எல்லாம். காஜா பாயும் சாரும் இசக்கியும் பக்கத்தில் இருந்தார்கள். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாமி நெற்றியைச் சுருக்கினார்.

"டயரை யார் மாத்தினா?"

"நான்தாம்மா மாட்டுனேன்," என்றார் இசக்கி. அது உண்மைதான். அவர்தான் கழற்றி மாட்டக் கொண்டுபோயிருக்கிறார்.

"நாங்க டயரே வாங்கலையே. என் வண்டில இருந்த டயரை எங்கே வித்தே?"

மாமி என் பக்கம் திரும்பினார்.

"பாத்தேளா? கிலோமீட்டர் கணக்கும் இதுவும் சேந்துடுத்து. தாறுமாறா ஓட்றான்னுதான் நெனச்சேன். இவன் திருடன்னு இப்போன்னா தெரியறது!"

இசக்கி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  சார் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாதி உண்மை செய்கிற வேலை இதுதான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. ஆனால் உள்ளே வந்தபோது மோசமான டிரைவராக இருந்தவர் இப்போது திருடர் ஆகிவிட்டார். இப்போது நான் சாரைக் கைகாட்டலாம். கேட்காதே என்று சொன்னவர் அவர், அது ஒன்றே போதும். ஆனால் கவுண்டர்காரன் வாயால் புருஷன் மாட்டிக்கொண்டால், அதற்குச் சாட்சியாக நின்ற டிரைவரை எந்த வீடும் வைத்துக்கொள்ளாது. அவர் குற்றமற்றவர் என்று நிரூபித்தே அவரை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.

எனக்கு மிச்சம் இருந்தது வண்டிதான். வண்டிக்கு என்ன வேண்டும் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

"அம்மா, ஒரு விஷயம் பாக்கி இருக்கு," என்றேன். "பின்னால இருக்கிற ரெண்டுதான் கம்பெனி சொன்ன அளவு. நல்ல டயர். முன்னால இருக்கிறதுதான் தப்பான அளவு, தேய்ஞ்சும் போச்சு. அதுக்குப் புதுசு ரெண்டு போட்டாலும் பின் டயர் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கறதால முழுசாச் சேராது. இந்த வண்டிக்கு அதுவும் ஆகாது. இது ரெண்டும் ஒரு வண்டியிலேருந்து கழட்டினது. அதே வண்டியில ஓடின இன்னும் ரெண்டு இருக்கணும். இதோட ஜோடி எங்க இருக்குன்னு தெரிஞ்சா, அதைக் கொண்டுவந்து மாட்டிடலாம். தெரியலைன்னா நாலும் புதுசு போடணும். எதுன்னு நீங்க சொல்லணும்."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். யாரையும் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காஜா பாய் ஏதோ சொல்ல வந்தார். அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். கவுண்டரில் இருப்பவனுக்கு இந்த மௌனம்தான் ரொம்பக் கஷ்டம். எதையாவது சொல்லி அதை நிரப்பத் தோன்றும். மேலே மோனோ ரயில் ஒன்று போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

"ரகு ஆத்துல இருக்கு," என்றார் சார்.

மாமி அவர் பக்கம் திரும்பினார்.

"நெருள்ல. அவன் வண்டிக்குப் பெரிய வீல் மாத்தினான். பழசு நாலும் நன்னா இருந்தது. எடுத்துண்டு போன்னான். நம்ம வண்டில பின்னாலதான் வழுக்கையாப் போயிடுத்து, ரெண்டு போறும்னேன். அவன் கையால ஏதாவது குடுத்து எத்தனையோ வருஷமாச்சு. வேண்டாம்னு சொல்ல மனசு வரலை."

ரகு அவருடைய தம்பி என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா வீட்டைப் பங்கிட்டதில் பேச்சு நின்று போனது, அதில் மாமிக்குத்தான் காயம் அதிகம் என்பதெல்லாம் அங்கே நடந்த பேச்சிலிருந்து புரிந்துகொண்டது.

"தாதர், தாதர்னு போனது நெருளா?"

ஆமாம் என்று சார் தலையை அசைத்தார். நெருள் கடல் பாலத்தைத் தாண்டி, தாதரைவிடப் பல மடங்கு தூரம்; கிலோமீட்டர் ஏறியது அப்படித்தான்.

மாமி அவரை விட்டுவிட்டு இசக்கியைப் பார்த்தார்.

"திருடன்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கப்படாதா?"

"வண்டிக்குள்ள பேசுறது வண்டிக்குள்ளதாம்மா இருக்கணும்," என்றார் இசக்கி. "நீங்க ஃபோன்ல பேசுறதையும் நான் அய்யாட்டச் சொன்னதில்லல்லா?"

காஜா பாய் சட்டென்று இருமிக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாமியின் முகம் ஒரு கணம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னிடம் திரும்பினார்.

"நாலும் புதுசே போடுங்கோ. அவா டயர் எனக்கு வேண்டாம்."

"ஜோடியிருந்தா..." என்று சார் ஆரம்பித்தார்.

"புதுசு," என்றார் மாமி.

நல்ல டயர்கள் வீணாகின்றனவே என்று எனக்கு இருந்தது. சொல்லவில்லை. நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம், கம்பெனி சொன்ன அளவு. வண்டிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மிச்சம் என் வேலை இல்லை. கறுத்த எண்ணெயை மாற்றி, ஃபியூஸைத் திரும்பச் சொருகி, நான்கு டயரையும் அன்றைக்கே மாட்டினோம். மாமி கேட்ட பேப்பரும் கொடுத்தேன். டயர் அளவு பொருந்தாததால் வந்த கோளாறு, ஓட்டுதலில் குறையில்லை என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இசக்கி, நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு. டென்டிஸ்ட்கிட்ட போகணும்," என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. இசக்கியும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

கழற்றிய டயர்களை என்ன செய்வது என்று கேட்பது நம் வழக்கம். கேட்காமல் குப்பையில் போடாதீர்கள். கேட்டேன்.

"முன்னால இருந்ததைத் தூக்கிப் போடுங்கோ," என்றார் மாமி. கார்க் கதவில் கை வைத்தவர், ஏறாமல் நின்றார். "பின்னால இருந்தது ரெண்டையும் டிக்கில வைங்கோ."

"எதுக்கு?" என்றார் சார்.

"திருப்பிக் குடுக்க வேண்டாமா? டிரைவர்கிட்ட குடுத்தனுப்பினா நன்னாயிருக்காது. ஞாயித்துக்கிழமை நானே வந்து குடுக்கறேன்."

சார் மறுபக்கம் சுற்றிப்போய் ஏறிக்கொண்டார். இசக்கி டிக்கியைத் திறந்து இரண்டு டயரையும் தானே தூக்கி வைத்தார். எங்கள் பையன்களைத் தொட விடவில்லை. அடியில் பழைய துணி விரித்து, உருளாமல் பக்கத்தில் முட்டுக் கொடுத்தார். என்னைக் கடந்து போகும்போது நிற்காமலே, "கெட்டிக்காரன்தாம்லே நீ," என்றார். பாராட்டா, இன்னும் கோபமா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

நம் ஒர்க்‌ஷாப் வாசல் குறுகலானது. எந்த வண்டியும் முழு ஒடிப்பில் திரும்பித்தான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். இந்த மாதிரி வேலை முடிந்த வண்டி வெளியே போகும்போது வாசல்வரை நடந்து போய் நின்று கேளுங்கள். அதைவிட நல்ல சோதனை இல்லை. நானும் போய் நின்றேன். வண்டி முழுக்கத் திரும்பி, உதறாமல், ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. உள்ளே அவர்கள் பேசிக்கொண்டார்களா என்பது தெரியாது. இசக்கி ஜன்னல் கண்ணாடியை ஏற்றியிருந்தார்.